பூச்சி தெரிந்தால் மாத்திரை

ஒரு ஆளுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது எங்கள் தோட்டத்தில் கொஞ்ச காலம் செல்லாமல் போயிருந்தது. ரத்தம் தடவிய கண்ணாடியில் மலேரியாப் பூச்சி தெரிய வேண்டும். தெரிந்தால் காய்ச்சல், தெரியாவிட்டால் நடிப்பு. நடிப்புக்கு மாத்திரை கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் யாருக்கும் அப்போது காய்ச்சல் இல்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய எமர்ஜென்சி காலம். லிங்கி ஆற்றுப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். லயன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்து, அதில் துப்பாக்கியோடு காவல் நிறுத்தியிருந்தார்கள். காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் மடியை அவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒரு பிடி அரிசி இருந்தால் அது காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிற அரிசி. பாலில்லாத காப்பித் தண்ணீரைத் தவிர எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. அந்தக் காப்பியையும் ஒருவன் குச்சி விட்டுக் கலக்கிப் பார்ப்பான். அந்தக் குச்சியை அவன் கழுவி நான் பார்த்ததில்லை.

நான் அப்போது தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா. கூட்டிப் பெருக்குவது, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைப்பது, புண்ணுக்குக் கட்டுத்துணி துவைப்பது எல்லாம் என் வேலை. இவற்றோடு ரத்தம் எடுக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. காரணம், எங்கள் டிரசருக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும். நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் பரீட்சை எழுதித் தேறி வந்தவர் அவர். வெள்ளை டிரில் கால்சட்டை, பளபளக்கிற சப்பாத்து, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒருவன் விரலில் நான் ஊசி குத்தும்போது மட்டும் ஜன்னல் வழியாக வானிலை பார்ப்பார்.

கண்ணாடிச் சில்லை முதலில் சவுக்காரம் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். விரல் ரேகை பட்டால் மைக்ராஸ்கோப்பில் அதுவும் ஒரு காடு மாதிரித் தெரியுமாம். விரல் நுனியில் குத்தி, வரும் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டைக் கண்ணாடியில் வாங்க வேண்டும். இன்னொரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து ஒரே இழுப்பு. தயங்கினால் ரத்தம் திட்டுத் திட்டாக நிற்கும். நன்றாக வந்தால் நாக்கு மாதிரி நீண்டு, நுனியில் மெலிந்து மறையும். பிறகு அதைக் காய வைக்க வேண்டும். காய்வதற்குள் ஈ வந்து நக்கிவிட்டுப் போகும், எறும்பு வரிசை கட்டும். மனுசனுக்கு ஒரு வாசல்தான், எறும்புக்கு ஆயிரம் வாசல். விசிறியும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

இதுவரை என் வேலை. சாயம் ஏற்றுவது டிரசரின் வேலை. அதை வேறு யாரும் தொடக் கூடாது. நீலமாக இருட்டிக் கிடக்கும் ஒரு புட்டியிலிருந்து சாயத்தைக் கண்ணாடி மூடும் அளவுக்கு ஊற்றுவார். சற்றுப் பொறுத்து, அதன் மேலே சுத்தமான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். தங்க ஜரிகை மாதிரி ஒரு ஆடை படரும். அதைக் கழுவிச் சாய்த்து நிறுத்தி, காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்து மறு கண்ணை இறுக மூடிக்கொள்வார். அவர் தலை நிமிரும் வரை வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் நடுங்கிக்கொண்டு காத்திருப்பார்கள்.

முன்பெல்லாம் இந்தத் தண்ணீர் சிரம்பான் டவுனிலிருந்து லாரியில் புட்டிகளில் வரும். எமர்ஜென்சியில் ரோட்டில் சுடுகிறார்கள் என்று லாரி வருவது குறைந்தது. அரிசிக்கும் மீனுக்கும் துணைக்குப் போலீஸ் வரும். தண்ணீருக்கு யார் துணை வருவார்கள்? டிரசர் யோசித்தார். அவர் யோசித்தால் எனக்குப் பயம். வானத்திலிருந்து நேராக விழுகிற மழைத் தண்ணீரைவிடச் சுத்தமானது என்ன இருக்கிறது என்று கேட்டார். அதுவரை சரி. அதைப் பிடித்து வைக்க ஒரு பெரிய கண்ணாடி ஜாடி வேண்டும் என்றார்.

தோட்டத்தில் கண்ணாடி ஜாடி என்றால் அது ஆசிட் ஜாடிதான். மரத்துப் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கிற பால் ஸ்டோருக்கு ஆசிட் அந்த ஜாடிகளில்தான் வரும். காலியானதும் அதற்கு அடிதடி நடக்கும். கணக்கு எழுதும் கிராணி வீட்டில் அதில் எலுமிச்சை ஊறுகாய். கோயிலில் விளக்கெண்ணெய். ஆட்களை வேலை வாங்கும் ஒரு மண்டோர் வீட்டில் தங்கமீன்கூட வளர்த்தார்கள், அது இரண்டாம் நாள் மல்லாந்தது. நல்ல வேலைப்பாடுள்ள ஜாடி, கண்ணாடி மூடி, தட்டினால் மணி மாதிரிச் சத்தம். ஒன்றை டிரசர் கேட்டு வாங்கி வந்தார். மிளகாயும் புளியும் கரைத்த கையால் நான் தொட்டால் அசுத்தமாகும் என்று தாமே ஒரு தரம் அலசினார். மழை பெய்ததும் நிரப்பி, அலமாரியில் வைத்து, ஒரு லேஸ் துணியும் போட்டு மூடினார். குறைய குறைய அதிலேயே மேலும் ஊற்றினாரே தவிர ஒரு நாளும் கவிழ்த்துக் கழுவவில்லை.

மூடியைத் திறந்தால் மூக்கைக் குத்தியது. பால் ஸ்டோர் நாற்றம்.

"இது ஸ்டோரு வாட அடிக்குதே டிரசரய்யா" என்றேன்.

"ஒனக்கு எதை மோந்தாலும் ஸ்டோருதான். பொறந்தது அங்கதானே" என்றார். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். தண்ணீருக்கு வாடை இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

அந்த வாரத்திலிருந்து கண்ணாடிகளின் நிறம் மாறியது. முன்பு சற்று ஊதாப் பூத்து அழுக்காக இருந்தவை, இப்போது பன்னீர் ரோஜா நிறத்தில் ஜொலித்தன. டிரசர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து உருகினார். உள்ளே பார்த்தால் பூச்சி இல்லை. ஒருவர் ரத்தத்திலும் இல்லை. ரத்தம் சுத்தமாகிவிட்டதால்தான் நிறம் இப்படி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. துரையிடம் போய்ச் சொன்னார். எங்கள் துரை சதுப்பு நிலத்தில் நாலு கால்வாய் வெட்டி எண்ணெய் தெளித்திருந்தார். அதற்குக் கிடைத்த பலன் இதுதான் என்று அவர் முடிவு கட்டினார். கிளப்பில் மற்ற தோட்டத்துத் துரைகளிடம் மலேரியா ஒழிந்த தோட்டம் என்று மார்தட்டினாராம். ஆபீஸ் சுவரில் மாட்ட ஒரு பலகையும் எழுதச் சொன்னார்.

பெஞ்சில் மட்டும் ஆள் குறையவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டி நடுங்கினார்கள். டிரசர் பார்த்துவிட்டு, "சோம்பேறிக் காய்ச்சல்" என்பார்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். போலீஸ் ஒரு கணக்குப் போட்டது. இந்தத் தோட்டத்தில் மலேரியா இல்லையென்றால், முன்பு மாதாமாதம் கொயினா மாத்திரை வாங்கியவர்கள் எதற்கு வாங்கினார்கள்? காட்டுக்குள் இருப்பவனுக்கும் கொசு கடிக்கும். அவனுக்கும் மாத்திரை வேண்டும். அப்படியானால் அடிக்கடி வாங்கியவன் எவனோ அவனே கடத்தியவன்.

அடிக்கடி வாங்கியவர் என் வீட்டுக்காரர்.

அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே குளிர்காய்ச்சல். விட்டு விட்டு வரும். அவர் வெட்டுகிற மரங்கள் காட்டோரம். கொசுவுக்கும் போலீசுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. போலீஸ் கணக்குப் போட்ட அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்து, நானே அவர் விரலைக் குத்தி, நானே இழுத்து, விசிறிக் காய வைத்துக் கொடுத்தேன். டிரசர் சாயம் ஏற்றிப் பார்த்தார்.

"ஒன் புருசனுக்கு ஒன்னும் இல்ல புள்ள. ரத்தம் பன்னீர் மாதிரி இருக்கு. நாளைக்குப் பெரட்டுக்கு வந்து பேர் குடுத்து வேலைக்குப் போகச் சொல்லு."

"அந்தப் பன்னீரு கட்டில ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுதே டிரசரய்யா."

"நல்லா நடிக்கிறாருன்னு அர்த்தம்."

பார்த்து முடித்த கண்ணாடிகளைக் கழுவி மறுபடி உபயோகிப்பது வழக்கம். கண்ணாடிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. அன்று அந்த ஒன்றை மட்டும் நான் கழுவவில்லை. வயிற்றெரிச்சல்தான் காரணம், வேறு புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. என் புருஷன் நடிக்கிறாரா என்று விஷயம் தெரிந்த யாரிடமாவது ஒரு நாள் காட்டிக் கேட்க வேண்டும் என்று பழைய துணியில் சுற்றிப் பஞ்சு டப்பாவுக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை வாசலில் அவர் துண்டை உதறினார்கள். முடிச்சில் பாதி மாத்திரை இருந்தது. முன்பு கொடுத்ததில் மிச்சம் பிடித்து, காட்டோரம் குளிர் வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தது.

காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பையன் அதை உள்ளங்கையில் வைத்து, "அப்பா இனி?" என்று மலாயில் கேட்டான். பையன் நல்லவன்தான். இது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பின்னால் நின்ற மேலதிகாரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"ஒடம்பு சரியில்லங்க, அதுக்குத்தான்" என்றார் இவர், நடுங்கிக்கொண்டே. பயத்தில் நடுங்குகிறான் என்று எழுதிக்கொண்டார்கள். டிரசரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இவருக்கு மலேரியா இல்லை, நேற்றுதான் பார்த்தேன் என்று டிரசர் சுத்தமான இங்கிலீசில் சொன்னார். லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். எந்த ஊருக்கு? இவர் பிறந்தது இதே தோட்டத்து லயனில். இந்தியாவில் எந்தத் திசையில் தம் ஊர் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. கப்பலில் போனால் நானும் பிள்ளையும் கம்பிக்கு இந்தப் பக்கம், அவர் கடலுக்கு அந்தப் பக்கம். டிரசரைப் பார்க்கும்போதெல்லாம் கையிலிருக்கும் ஊசி துடித்தது.

அனுமதி வாங்கிச் சிரம்பானுக்குப் போனேன். தெமியாங்கில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தடுப்பு முகாமில் அவரைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். நடுக்கம் இல்லை. முகம்கூடக் கொஞ்சம் தேறியிருந்தது.

"காய்ச்ச எப்படிங்க இருக்கு?"

"வுட்டுடுச்சி. இங்க எல்லாருக்கும் மாத்திர குடுக்கறாங்க."

"ரத்தம் பாத்தா குடுத்தாங்க?"

"ரத்தமாவது ஒன்னாவது. வரிசையில நிக்கச் சொல்லி வாயில போடுறாங்க."

அங்கேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். கம்யூனிஸ்டு என்று பிடித்தால் கேளாமல் மாத்திரை. ஒழுங்காகப் பால் வெட்டினால் பூச்சியைக் காட்டு. நாங்களும் கம்பிக்குள்தான் இருந்தோம், எங்கள் கம்பி தரம் குறைந்த கம்பி போலிருக்கிறது. சிரிப்பு அடங்கியதும் வேறொன்று உறைத்தது. இனிமேல் இவர் ரத்தத்தை யார் எடுத்துப் பார்த்தாலும் அதில் பூச்சி இருக்காது. மாத்திரை போட்ட பிறகு, கேஸுக்காக முகாம் டாக்டர் எடுத்துப் பார்த்து, சுத்தம் என்று எழுதியும் விட்டார். இவருக்குக் காய்ச்சல் இருந்தது என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம். அது பஞ்சு டப்பாவுக்குள் இருந்தது. அதுவும் பன்னீர் நிறத்தில், டிரசர் கட்சியில் இருந்தது.

சாமிதான் வழிகாட்டியது என்பேன், சாமி கொசு ரூபத்தில் வந்தது. துரைக்குக் காய்ச்சல் கண்டது.

டிரசர் துரை பங்களாவுக்குப் போய் ரத்தம் எடுத்தார். அதாவது நான் எடுத்தேன், அவர் துரையம்மாவின் பூந்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் ஏற்றினார். ரோஜா நிறம். பூச்சி இல்லை. துரைக்குச் சோம்பேறிக் காய்ச்சல் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதிக வேலை என்றார். அதிக வேலை செய்த துரையைக் கவச லாரியில் சிரம்பானுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ரத்தம் பார்த்ததும் உள்ளே பூச்சி மொய்த்துக் கிடந்ததாம்.

தேறித் திரும்பிய துரை, தாம் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போயிருந்தபோது கடித்த கொசு அது என்றார். தோட்டத்துக் கொசு துரையைக் கடிக்கத் துணியாது என்பது அவர் எண்ணம்.

ஆனால் மாதம் ஒரு முறை வரும் டாக்டருக்கு வியர்த்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரர். பல தோட்டங்களுக்கு அவர்தான் டாக்டர். போலீஸ் ஜீப் துணையோடு காரில் வருவார், டிரசர் நீட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார், டிரசர் வீட்டுக் கோழிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் போய்விடுவார். மைக்ராஸ்கோப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை. அன்று வந்தவர் கோழிக்குழம்பை ஒத்திவைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். எல்லாம் கழுவியாகிவிட்டது. நான் பஞ்சு டப்பாவைத் திறந்தேன்.

அவர் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இதென்ன? பூச்சி கிடக்கட்டும். வெள்ளை அணு ஒண்டு கூட ஒழுங்காத் தெரியேல்லை. மனுசருக்கு வெள்ளை அணு இல்லாமலா போகும்? எந்தத் தண்ணி விட்டனீர்?"

டிரசர் லேஸ் துணியை விலக்கிப் பெருமையோடு ஜாடியைக் காட்டினார். டாக்டர் மூடியைத் திறந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தார். அவ்வளவுதான் விஷயம். அடியில் ஒட்டியிருந்த ஆசிட் தண்ணீரைப் புளிக்க வைத்திருந்தது. புளித்த தண்ணீரில் சிவப்புச் சாயம் தூக்கும், நீலம் ஏறாது. பூச்சியின் உடம்பு நீலத்தில்தான் தெரியும். பால் உறைய வைக்கிற ஆசிட் எங்கள் தோட்டத்து மலேரியாவை ஒழித்துக் கட்டியிருந்தது.

டாக்டர் அந்தக் கண்ணாடியை ஸ்பிரிட்டில் முக்கிப் பழைய சாயத்தை எடுத்தார். காருக்குப் போய், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் புட்டியை டிரைவரிடம் வாங்கி வந்தார். மறுபடி சாயம், அதன் மேல் பேட்டரித் தண்ணீர். கழுவிக் காய வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, "நீரும் பாரும்" என்றார் என்னிடம்.

அத்தனை வருஷம் ரத்தம் எடுத்தும் அந்தக் குழாய்க்குள் நான் பார்த்தது அதுதான் முதல் தரம். வெளிறிய சிவப்பு வட்டங்கள். அவற்றில் சிலதுக்குள் நீலமாக ஒரு வளையம், அதில் ஒரு செந்நிறப் பொட்டு. என் வீட்டுக்காரரின் காய்ச்சல். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. புருஷன் உடம்பில் பூச்சி இருக்கிறது என்று சந்தோஷத்தில் அழுத பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டாக்டர் போலீசுக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். துரையும் ஒப்பம் வைக்க வேண்டும். துரைக்கு வந்தது சங்கடம். இவனுக்கு மலேரியா என்று ஒப்பம் வைத்தால் ஆபீஸ் சுவரில் இருக்கும் பலகை என்னாவது? அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இவருக்கும் போர்ட்டிக்சனில் கடித்ததாகப் போடுங்கள் என்றார். கடலை ஒரு தரமாவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பார்க்காமலே இருந்த மனிதர் என் வீட்டுக்காரர். டாக்டர் என்னைப் பார்த்தார். எதையாவது போடட்டும், ஆள் வந்தால் போதும் என்றேன்.

போலீஸ் படித்தது. ஊரடங்கு இருக்கும்போது இவன் யார் அனுமதியில் போர்ட்டிக்சன் போனான், அங்கே யாரைச் சந்தித்தான் என்று கேள்வி வந்தது. அதற்குப் பதில் எழுத, அந்தப் பதிலுக்கு விளக்கம் எழுத என்று இழுத்தடித்து, தீபாவளியும் போய், தைப்பூசமும் நெருங்கிய பிறகுதான் விட்டார்கள்.

வந்தார். நன்றாகத்தான் இருந்தார். முகாமைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. டிரசர் வழியில் பார்த்து நலம் விசாரித்தார். அலமாரியில் லேஸ் துணிக்கடியில் இப்போது புது ஜாடி இருக்கிறதாம், அதைச் சொன்னார்.

அந்தக் காய்ச்சல் லேசில் விடுகிற ஜாதி இல்லை. சில மாதம் கழித்து மறுபடி வந்தது. நான் குத்தி எடுத்தேன், டிரசர் நல்ல தண்ணீர் விட்டுப் பார்த்தார், பூச்சி தெரிந்தது. மறுபேச்சு இல்லாமல் மாத்திரைகளைத் தாளில் மடித்து நீட்டினார். இவர் அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கவில்லை.

"வூட்டுக்குக் குடுக்காதீங்க. இப்ப ஒன்னு குடுங்க. மிச்சத்துக்கு நானே வாரேன்."

டிரசர் ஒன்றைக் கொடுத்தார். இவர் தண்ணீர் குடித்து விழுங்கினார். விழுங்கிவிட்டு வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு பக்கக் கன்னத்தையும் விரலால் விலக்கிக் காட்டினார். டிரசர் என்னவென்று புரியாமல் சிரித்தார். எனக்குப் புரிந்தது. மாத்திரையை ஒளித்துவைத்தவன் என்று பிடித்துப் போனவரை, முகாமில் ஒவ்வொரு வேளையும் இப்படித்தான் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் தலைவலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தேன். அதற்கும் திறந்தார்.

"நான் ஒங்க பொண்டாட்டிங்க. மூடுங்க வாய" என்று கத்தினேன். திடுக்கிட்டு மூடினார். அடுத்த தரமும் திறந்தார்.

துரை தம் ஊருக்குப் போனார். எமர்ஜென்சி முடிந்தது. தோட்டத்தை விட்டு நாங்கள் டவுனுக்கு வந்து, பிள்ளைகள் வேலைக்குப் போய், இவருக்குப் பிரஷர் வந்து, தினம் மூன்று வேளை மாத்திரை என்றானது. இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் எல்லோரிடமும் சொல்வேன். டிரசரின் பன்னீரையும் துரையின் போர்ட்டிக்சன் கொசுவையும் சொன்னால் கேட்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். என் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. மூன்று வேளையும் என் கையால் வாங்கி விழுங்கிவிட்டு, அவர் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவார். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். நான் குனிந்து பார்த்து, "சரி, போங்க" என்று சொன்ன பிறகுதான் மூடுவார்.